பேச்சு இல்லை, பாஸ்வேர்டு ஒன்று

"எனக்கும் எங்க அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. ஆனா பாஸ்வேர்டு ஒண்ணுதான்."

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஜன்னலோரம் இருந்தவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் இதைச் சொன்னார். படம் பார்க்கிற ஆப்பைப் பற்றிய பேச்சு அது.

"தோட்டத்தப் பிரிச்சுட்டீக, வீட்டையும் பிரிச்சுட்டீக. இத மட்டும் எதுக்கு விட்டுவச்சீக?"

"அதுல ஒரு நேரத்துக்கு ஒரு டிவிலதான்ப்பா படம் ஓடும். பாகம் பிரிக்க வந்த பெரியவுக கிணத்துத் தண்ணிக்கு முறை போட்டாகள்ல, இதுக்கும் அதே முறைதான்னு சொல்லிட்டாக. ஒருநா அண்ணன், மறுநா நான்."

நண்பர் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"கிணறுன்னா சரி, புதுசா வெட்ட முடியாது. ஆப்ப நீ தனியா எடுத்துத் தொலைய வேண்டியதுதான?"

"நான் பாக்குறதே ஒருநா விட்டு ஒருநா. அதுக்கு முழுசா ஒண்ணு எதுக்கு? தண்டச் செலவு."

"குமுளில ஏலக்கா யாவாரம் பாக்குற ஆளு பேசுற பேச்சா இது?"

சின்னமனூரில் ஆட்கள் இறங்கி, பஸ் மறுபடி கிளம்பிய பிறகுதான் அவர் போனை எடுத்து நண்பரிடம் நீட்டினார்.

"இங்கன பாரு. நேத்து அண்ணன் முறை. பின்னாடி பாக்குறதுக்குன்னு மூணு படம் எடுத்து வச்சிருக்காக."

"மூணும் மலையாளமால்ல இருக்கு. அதுக்கென்ன?"

"அண்ணனுக்கு மலையாளத்துல ஒரு வார்த்தை தெரியாதுப்பா. எங்க வீட்டுல அது தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்."