துண்டு போட்ட எடம்

அது எப்பிடிம்மா துண்டு தானா எந்திரிச்சிப் போவும்? நீயே சொல்லு! பஸ்ஸு ஸ்டாண்டுக்குள்ள திரும்பறப்பவே ஓடியாந்து, எக்கி, இந்த ஜன்னல் வழியா நான்தான் போட்டேன். பச்சைத் துண்டு, செவப்புக் கரை. இந்த மங்கம்மா துண்டுன்னா போளூர் ஸ்டாண்டுல தெரியாத ஆளு கெடயாது. ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன்... துண்டையும் காணோம், எடத்தையும் காணோம்! எந்தக் கட்டையில போறவன்... ஐயோ, உன்னச் சொல்லல கண்ணு. நீ குந்து. காலியா இருந்திச்சி, குந்திட்ட. நீ இன்னா பண்ணுவ பாவம். எடுத்தவன் மட்டும் என் கையில மாட்டட்டும்!

வேடிக்க பாக்கவா நான் ஜன்னலு கேக்கறேன்? மலையேறி மொதல் வளைவு திரும்பினாலே எனக்குக் கொமட்டும்மா. பொறந்தது, வாக்கப்பட்டது, எல்லாம் இந்த மலை மேலதான். ஆனா பஸ்ஸுல ஏறுனா மட்டும் வவுறு ஒத்துக்க மாட்டுது. ஜன்னலு இருந்தா தலைய வெளிய நீட்டினு எப்பிடியோ போய்ச் சேந்துடுவேன். இல்லாங்காட்டி... வேணாம், நீ சாப்புட்டு வந்திருப்ப.

ஏரோப்ளேன்லயே எனக்கு ஜன்னல் சீட்டுதான், தெரியுமா? அக்காங், ஏரோப்ளேனு! சிங்கப்பூரு போய்ட்டு வந்து ஒரு வாரம்கூட ஆவல. எம்பொண்ணு ஜெயசுதா அங்க நர்ஸா கீறா. 'வந்து கொஞ்ச நாள் இரும்மா'ன்னு ஒரே நச்சரிப்பு. போனேன். எப்பிடி இருந்திச்சின்னு கேக்கறியா? கேக்கலியா? கேக்காட்டி இன்னா, சொல்றேன்.

ஊரா அது? தெருவுல ஒரு நாயி இல்ல, ஒரு ஆடு இல்ல. கழுவிக் கவுத்த தட்டு மாதிரி கெடக்குது. வெளிய வந்தா வேர்வ ஊத்துது, கடைக்குள்ள நொழைஞ்சா பல்லு கிட்டிக்குது. எங்க மலையில மார்கழியிலகூட அப்பிடி நடுங்கினது இல்ல. ரயிலு ஓட்ட ஆளே இல்லம்மா! தானாப் போவுது, தானா நிக்குது. பாத்து எறங்குன்னு நம்ம தமிழ்லயே வேற சொல்லுது. ரயிலு பேசுது, ஆளு பேசல! அவனவன் போனுக்குள்ள மூஞ்சியப் பொதச்சினு கீறான். பக்கத்துல ஒரு சீனக்காரப் பொண்ணு. 'எந்த ஊரும்மா, எத்தினி புள்ளைங்க'ன்னு கேட்டேன். சிரிச்சிட்டு அடுத்த ஸ்டேசன்ல எறங்கி, பக்கத்துப் பொட்டியில ஏறிக்கிச்சி. நான் பாத்தேன்!

அப்பறம் ஒரு பழம். நம்ம பலாப்பழம் மாதிரியே முள்ளு முள்ளா. அத்த எடுத்துனு ரயில்ல ஏறக் கூடாதுன்னு படம் போட்டு ஒட்டிக்கீறாங்க. பழத்துக்கு இன்னாடி தடைன்னு கேட்டேன். நம்ம பஸ்ஸுல ஆட்டுக்குட்டியே ஏறுது! ஜெயசுதா ஒரு நாள் வாங்கியாந்து பிரிச்சா. மோந்து பாத்தேன்... தடை போட்டது ஞாயந்தான்.

ஆங், எதுல வுட்டேன்? துண்டு. அந்தத் துண்ட எடுத்தவன் கையி வெளங்குமா? மத்தவங்க எடம்னு தெரிய வேணாம்? சிங்கப்பூருலயும் அப்பிடித்தான். பெரிய சாப்பாட்டுக் கொட்டாய். சுத்திலும் கடைங்க, நடுவுல மேசைங்க. மத்தியான நேரம். 'இங்கயே நில்லும்மா'ன்னுட்டு ஜெயசுதா சோறு வாங்கப் போய்ட்டா. பாக்கறேன், காலி மேச மேலெல்லாம் ஒரு சின்னப் பாக்கெட்டு. கை தொடைக்கிற காயிதம். ஆளக் காணோம், பாக்கெட்டு மட்டும் இருக்குது. கவர்மெண்டு ஓசியில வெக்கிது போலன்னு நெனச்சேன். நீயா இருந்தாலும் அப்பிடித்தான நெனைப்ப? ஒண்ண எடுத்துப் பையில போட்டேன். ஊருல ஈஸ்வரிக்கு ஒண்ணு, மாணிக்கம்மாளுக்கு ஒண்ணுன்னு, ஒரு வரிச பூரா எடுத்துனே போனேன். ஒரு மேசையில கொடை இருந்திச்சி. அத்த எடுக்கல, சத்தியமா! தூக்கிப் பாத்தேன், அவ்ளோதான்.

திரும்பறேன்... கழுத்துல அட்டை மாட்டின ஆபீஸ்காரங்கல்லாம் தட்டத் தூக்கினு நிக்கறாங்க. அவங்க மேசையிலல்லாம் வேற ஆளுங்க குந்தினு துன்றாங்க. இவன் அவன மொறைக்க, அவன் இவன மொறைக்க... ஒரே சண்ட! ஜெயசுதா ஓடியாந்தா. எம்பையப் பாத்தா. 'அம்மா, அது எடம் புடிக்க வெச்சதும்மா! நம்மூருல துண்டு போடுவோமே, அது!'

எனக்கு உசுரே போய்டுச்சி. காலம்பூரா துண்டு போட்டவ நானு, எனக்கே தெரியல பாரேன். திருப்பிக் குடுக்கலாம்னா, எது யாருதுன்னு யாரு கண்டா? வயசான சீனக்காரம்மா ஒண்ணு, கொதிக்கிற சூப்பக் கையில புடிச்சினு நிக்கிது. எம்பையப் பாத்துச்சி, எம்மூஞ்சியப் பாத்துச்சி, சிரிச்சிச்சி. நாலு வார்த்த திட்டியிருந்தாக்கூடத் தேவலாம். வெக்கமாப் போய்டுச்சி கண்ணு.

இன்னா? சத்தமாச் சொல்லு, வண்டிய எடுக்கப் போறான்... யாரோ மறந்து வுட்டுட்டாங்கன்னு நெனச்சியா? எத்த? துண்டையா? நீயா! கண்டக்டரு கிட்ட குடுத்திட்டியா! எந்த ஊரு நீயி? கோயம்புத்தூரா... இந்தப் பக்கம் மொதத் தடவையா...

அடிப்பாவி! இத்தினி நேரம் வாயத் தொறக்காம கேட்டுனு இருந்தியே!

கட்டையில போறவன்னு வேற சொல்லிட்டேன். கையி வெளங்குமான்னு... சரி வுடு. உன்னத் திட்ட எனக்கு வாயி ஏது? நீயே ஜன்னல்ல குந்து. நான் இப்பிடி ஓரமா வர்றேன். வளைவு வர்றப்ப மட்டும் உன்னத் தாண்டி, உம்மடி மேல கொஞ்சம் சாஞ்சி தலைய வெளிய நீட்டிப்பேன்... அட, இன்னாத்துக்கு எந்திரிக்கற? நான் ஒண்ணும் சொல்லலியே! பின்னாடி போவாத கண்ணு, அங்க தூக்கித் தூக்கிப் போடும்... போய்ட்டா பாரு.

அப்பாடா. காத்து நல்லா வருது.

ஏ கண்ணு! இந்தா, இந்தப் பாக்கெட்ட வெச்சிக்க. வளைவுல ஒதவும். வாங்கிக்கம்மா, பை நெறைய கீது!