நானே பார்த்தது

— அப்ப இந்த ஒன்பதாம் பக்கத்த எழுதுனது யாரு மச்சான்? உங்க கையெழுத்து இல்லையா இது?

— என் நோட்ட ஏன் புள்ள எடுத்த? புருசன் எழுதுனத பொண்டாட்டி பாக்கக்கூடாது, பொண்டாட்டி எழுதுனத புருசன் பாக்கக்கூடாதுன்னு நோட்டக் குடுத்த கண்ணகி மேடம் படிச்சுப் படிச்சு சொல்லிட்டுப் போனாங்கல்ல?

— ரெண்டுத்துக்கும் ஒரே பச்ச அட்டையப் போட்டுக் குடுத்தா? என்னுதுன்னு தொறந்தேன், நம்ம மவ ருமைசா பேரு இருந்துச்சு, படிச்சுட்டேன். இருக்கட்டும். நீங்க சொல்லுங்க.

— என்னத்த சொல்ல? மனச பத்தி படிச்சவங்க, மூள டாக்டரு, சரித்திர வாத்தியாரு எல்லாரும் ஒன்னா சேந்து நம்ம லப்பைக்குடிகாட்டுக்கு வந்திருக்காங்க. வெளிநாடு போனவங்க வூட்டுல யாருக்கு எது எப்படி நெனப்பிருக்குன்னு ஆராய்ச்சி பண்றாங்க. பத்து நெனப்பு எழுதுங்கன்னாங்க, எழுதுனேன். மாஃபி முஷ்கில், ஒன்னும் பிரச்சன இல்ல, விடு புள்ள.

— நானுந்தான் பத்து எழுதுனேன். இது ரெண்டாயிரத்து மூணு, ஜூன் மாசம். புள்ளய பெரம்பலூர் இஸ்கூல்ல விட்ட மொத நாளு. அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?

— சவுதியில, தம்மாம்ல. வேற எங்க?

— பக்கத்துக்கு அடியில ரெண்டு கட்டம் போட்டிருக்கு. ஒன்னுல ‘நானே பார்த்தது’. இன்னொன்னுல ‘பிறர் சொன்னது’. நீங்க எதுல டிக் போட்டிருக்கீங்க?

— மாத்திப் போட்டுட்டேன் போல. அதத்தானே அவங்க ஆராய்ச்சியே பண்றாங்க! அடுத்தவங்க சொல்லிக் கேட்டதயே திருப்பித் திருப்பி நெனச்சா, நேர்ல பாத்த மாதிரி ஆயிருமாம். மேடமே சொன்னாங்க. நீ போன்ல சொன்னத நான் அங்க கேம்ப்ல படுத்துக்கிட்டு தெனம் நெனச்சிருப்பேன்.

— நான் போன்ல என்ன சொன்னேன்?

— கேட்டுல ஒரே ரகள பண்ணுச்சுன்னு.

— சிரிச்சுக்கிட்டே போச்சுன்னு சொன்னேன். டாட்டா காட்டுச்சுன்னு சொன்னேன். கடல் தாண்டிக் கெடக்கற மனுசன் கலங்கக்கூடாதுன்னு பொய் சொன்னேன். நீங்க எழுதியிருக்கறத நானே படிக்கறேன், கேளுங்க. “கேட்டுக்கு முன்னால் சகதி. குழந்தை புரண்டு அழுதது. ஒரு செருப்பு சாக்கடையில் விழுந்தது. பர்சானா அவளை முதுகில் ஓங்கி அடித்தாள். பிறகு கேட்டைப் பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள்.”

— நம்ம நசீரு சொல்லியிருப்பான்.

— உங்க தம்பி அந்த வாரம் சென்னையில. உங்கம்மா முட்டி வலின்னு வூட்டுல. நானும் புள்ளையுந்தான் பஸ்ல போனோம். அடிச்சத ஒரு ஈ காக்காகிட்ட சொல்லல நான். பெத்த புள்ளய நடுரோட்டுல போட்டு அடிச்சேன்னு எவ வெளிய சொல்லுவா?

— அப்ப ருமைசாவே சொல்லியிருக்கும்.

— காலையிலயே கேட்டுட்டேன். அப்படி ஒரு நாளே அதுக்கு நெனப்பில்ல. இருக்கட்டும். ஆள் போட்டு என்னைய பாத்தீங்களா?

— என்ன பேச்சு பேசுற!

— தனியா பஸ் ஏறுறாளே, எங்க போறா, யாருகிட்ட நின்னு பேசுறான்னு பாக்க ஆள் போட்டீங்களா? எனக்குப் பேரு வேணும். நீங்க அங்க இருந்த நாலு வருசமும் யாரு என் பின்னாடியே வந்துக்கிட்டு இருந்தான்னு எனக்குத் தெரியணும்.

— வல்லாஹி, அல்லா மேல ஆணையா, அப்படி ஒரு சந்தேகம் என் மனசுல வந்ததே இல்ல.

— எனக்கு வந்திருக்கு. மத்தியானம் லுகர் தொழுக முடிஞ்சதும் மேடம் நோட்டு வாங்க வந்துருவாங்க. அவங்கள வச்சுக்கிட்டே கேக்கவா?

— வேணாம். உக்காரு பர்சானா. அன்னைக்கு நான் தம்மாம்ல இல்ல.

— எங்க இருந்தீங்க?

— திருச்சியில, ஜங்சன் பக்கம் ஒரு லாட்ஜுல. கம்பெனிய மூடி, டிக்கெட்ட கையில குடுத்து அனுப்பிட்டான். ஒரு மாசத்துல வேற விசா வந்துரும்னு ஏஜெண்டு சொன்னான். தங்கச்சி நிக்காஹ்வுக்கு நாள் குறிச்சிருந்த நேரம். தொரத்தி விட்டுட்டான்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊருக்குள்ள வர்றது? எஸ்டிடி பூத்துலேந்து பேசிக்கிட்டு தம்மாம்னு சொன்னேன்.

— எஸ்டிடி பூத்து.

— புள்ள நாளைக்கு இஸ்கூலுக்குப் போகுதுன்னு நீ சொன்ன. மனசு கேக்கல. பெரம்பலூருக்கு வந்து கேட்டுக்கு எதிர்த்தாப்புல டீக்கடையில நின்னேன். புள்ள பொரண்டப்ப ஓடி வந்து தூக்கிரலாம்னு இருந்துச்சு. தைரியம் வரல. திருச்சி பஸ் வந்துச்சு, ஏறிட்டேன். நோட்டு மேல நம்பருதான், எழுதுனவங்க பேரு கெடையாதுன்னாங்க. எங்கயாவது எறக்கி வைக்கணும்னு எழுதிட்டேன். ஏன் புள்ள சிரிக்கற? திட்டு. அடிக்கக்கூட செய்யி. இப்படி சிரிக்காத.

— நீலக் கட்டம் போட்ட சட்ட. தாடி. கையில டீ கிளாசு.

— நீ என்னைய பாத்தியா?

— என் நோட்டுலயும் அதே நாளத்தான் எழுதியிருக்கேன். எந்தக் கட்டத்துலயும் டிக் போடல.

— ஏன்?

— பாத்தது நெசமான்னு எனக்கே தெரியல. ஊருக்கு வந்தீங்களான்னு அன்னைக்கு ராத்திரி போன்ல கேட்டேனே. கனவு கினவு கண்டியான்னு சிரிச்சீங்க.

— நீ சும்மா பேச்சுக்குக் கேக்கறேன்னு நெனச்சேன் புள்ள.

— அப்புறமும் மனசு அடங்கல. உங்கம்மாகிட்ட சொன்னேன். சவுதியில இருக்கற ஆளு இங்க கண்ணுக்குத் தெரியறாருன்னா இது பெரிய வியாதின்னு, உங்க தம்பியும் அவங்களும் என்னைய தஞ்சாவூருல மனநோய் டாக்டருகிட்ட கூட்டிக்கிட்டுப் போனாங்க. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு நாந்தான் கெஞ்சுனேன். பைத்தியக்காரிகூட யாரு குடும்பம் நடத்துவா?

— யா அல்லா. டாக்டரு என்ன சொன்னாரு?

— மாத்திர எழுதிக் குடுத்தாரு. பிரஷருக்குன்னு நெனச்சுக்கிட்டு தெனம் சாப்பாட்டுக்கு அப்புறம் நீங்களே தண்ணி மொண்டு குடுக்கறீங்களே மச்சான், அந்த மாத்திரதான்.