ஏலக்காய்ப் போத்தல்

மாம்பழ வாசத்துக்கு இரண்டு கிழமை போதும். கஸ்டர்ட் வாசத்துக்கு ஆறு கிழமையாவது வேண்டும். கலந்த அன்றே வேப்பில், அந்த மின்சார சிகரெட்டில், ஊற்றி இழுத்தால் தொண்டையில் மருந்துக் காட்டம்தான் நிற்கும். இருட்டில் வைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை குலுக்கி, திரும்ப உள்ளே வைத்துவிட வேண்டும். நிறம் மெல்லத் தேன் நிறத்துக்கு வரும்போது வாசமும் சேர்ந்துவிடும். வீட்டில் வேப் தண்ணீர் கலக்கிற எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் காத்திருக்கத்தான் ஆளில்லை.

மொழிபெயர்க்கிற தங்கச்சி இந்தியத் தமிழ் என்றார். அதனால் எங்கள் ஊர்ப் பேச்சை விட்டுப் புத்தகத் தமிழில் ஆறுதலாக, மெதுவாகச் சொல்கிறேன். கிழமை என்றால் வாரம். ஒன்றும் விடாமல் பொலிஸ் ஐயாவுக்குச் சொல்லுங்கள், தங்கச்சி.

என் அலுமாரியில் குளிர்கோட்டுக்குப் பின்னால் நீங்கள் எடுத்த முப்பத்தெட்டுப் போத்தலும் என்னுடையவைதான். நிக்கோட்டின் வைத்திருந்ததற்குத் தனி வழக்குப் போடுவதென்றாலும் போடுங்கள். ஒவ்வொன்றிலும் கலந்த தேதி ஒட்டியிருக்கிறேன், எதிலும் பொய்த் தேதி இல்லை.

அருந்தவனும் நானும் ஒரே படகில் இந்த நாட்டுக்கு வந்தவர்கள். அதற்கு முன்பு ஊரில் ஒரே தடுப்பு முகாமில் ஏழு மாதம் பக்கத்தில் பக்கத்தில் படுத்தவர்கள். அவனுக்கு நிரந்தர விசா கிடைத்தது. மனைவி தர்சினியைக் கூப்பிட்டான், நகரத்து ஓரத்தில் ட்ருகனினாவில் வீடு வாங்கினான். நான் அதே ட்ருகனினாவில் ஓர் அறையில் இருந்துகொண்டு வேர்ஹவுஸில் சாமான் தூக்குகிற போர்க்லிப்ட் ஓட்டினேன். நான் அந்த முகாமில் இருந்ததையே நம்ப முடியாது என்று இமிக்ரேஷன் எனக்கு விசா மறுத்துவிட்டது. கண்ணால் கண்டவன் இந்த நாட்டில் அருந்தவன் ஒருவன்தான். என் லோயர் அவனிடம் கேட்டது ஒரேயொரு பக்கம். என் பெயரைப் போட்டு, சிவசோதி என்னோடு இருந்தவன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும்.

அவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் வேறு வழி பார்த்திருப்பேன். "உதென்ன பெரிய வேலையே மச்சான், நாளைக்கு எழுதித் தாறன்" என்பான். சனிக்கிழமைகளில் போத்தல் எடுக்க வருவான், அப்போதும் அதே கதைதான். மூன்று வருடம் இப்படியே போனது.

ஊறும்வரை அவன் ஒருநாளும் பொறுத்ததில்லை. என்னைக் கேட்காமல் அலுமாரியைத் திறப்பான், தேதியைக்கூடப் பார்க்காமல் எடுப்பான். "நல்லாத்தானே கிடக்கு, என்னத்துக்கு இதை அடைகாக்கிறாய்?" என்று சிரிப்பான். இரண்டு கிழமை பொறுக்கத் தெரியாதவன் என்னை மூன்று வருடம் காக்க வைத்தான். எனக்கு வயிறு எரிந்தது. அதை நான் மறைக்கவில்லை, ஐயா. பல்லைக் கடித்துக்கொண்டு அவனுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

நான் படகேறும்போது என் மகள் நிரூபாவுக்கு இரண்டு வயது. இப்போது பதினைந்து. போன மார்கழியில் ஒரு வியாழக்கிழமை வீடியோவில் வந்து, "அப்பா, நீங்கள் எவ்வளவு உயரம்?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் ஏதோ கதை வந்ததாம். ஐந்தடி ஏழு என்றேன். அன்று காலைதான் என் மேன்முறையீடும் தள்ளுபடி என்று கடிதம் வந்திருந்தது. சாட்சி இல்லை என்று அதில் எழுதியிருந்தது.

சனிக்கிழமை அருந்தவன் வந்தபோது அந்தக் கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்தான். "சீ, நான் மறந்தே போனன் மச்சான்" என்றான். பிறகு சட்டைப்பைக்குள் இருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தான். பலகாரத்துக்கென்று தர்சினி வாங்கி வைத்த ஏலக்காய் எண்ணெய்.

"ஏலக்காய்த் தேத்தண்ணி வாசத்தில எனக்கு ஒண்டு ஊறவைச்சுத் தா. கடைச் சாமான் ஒண்டிலயும் எங்கட வாசம் இல்லை."

வேப் தண்ணீர் கலக்கப் பழகுகிறவன் முதலில் படிப்பதே எண்ணெய் கூடாது என்பதைத்தான். பலகாரத்தில் போட்டால் வயிறு பார்த்துக்கொள்ளும். புகையோடு நெஞ்சுக்குள் போனால் அங்கேயே படிந்துவிடும். அருந்தவனுக்கு அது தெரியாது. சளி என்றால் நெஞ்சில் எண்ணெய் தடவி வளர்ந்த ஆட்கள் நாங்கள். சாப்பிடுகிற சாமான் தானே என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தான். ஒரு வசனத்தில் நான் சொல்லி முடித்திருக்கலாம்.

"ஓம், நாலு கிழமை செல்லும்" என்றேன்.

அந்த ஒரு போத்தலுக்கு மட்டும் அவன் பொறுத்திருந்தான். நானும் கவனமாகச் செய்தேன். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்காமல் இருக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. தை முடியும்போது எடுத்துக் கொடுத்தேன். ஒரு இழுவை இழுத்துவிட்டுக் கண்ணை மூடினான். "இதுதான்டா சோதி" என்றான். உண்மையாகவே நல்ல வாசம். அதற்குப் பிறகு வேறெதையும் தொடமாட்டேன் என்றுவிட்டான். மாசியில் இரண்டாவது போத்தல் கொடுத்தேன். தர்சினியின் குப்பி முடிந்தபோது நானே கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கினேன்.

பங்குனியில் இருமல் தொடங்கியது. நான்தான் என் காரில் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எங்கே வாங்கிய வேப், உள்ளே என்ன என்று டொக்டர் கேட்டார். கடைச் சாமான், மாம்பழ வாசம் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அருந்தவன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையாட்டினான். நான் வீட்டில் கலப்பது வெளியே தெரிந்தால் என் விசாவுக்குப் பிரச்சினை வரும் என்று நினைத்து என்னைக் காப்பாற்றினான். திரும்பும் வழியில் புதுப் போத்தல் கேட்டான். கொடுத்தேன்.

சித்திரையில் இன்னும் இரண்டு, வைகாசியில் ஒன்று. பிறகு அவனுக்கு இழுக்க மூச்சு இல்லை. ஆனியில் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டான். நெஞ்சுக்குள் எண்ணெய் இருந்தது என்று உங்கள் ஆட்கள் கண்டுபிடித்தது சரி. அதை வைத்தது நான். தெரியாமல் நடந்தது என்று என் லோயர் சொல்லச் சொல்வார். அப்படி இல்லை. ஆறு போத்தலையும் தெரிந்துதான் கொடுத்தேன். அவன் எழுதித் தந்திருந்தால் முதல் போத்தலே இருந்திருக்காது.

அவன் செத்த முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்குப் போனபோது தர்சினி என்னைக் குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் கூப்பிட்டு ஒரு கடித உறை தந்தாள்.

"ஐசியூவுக்குக் கொண்டுபோக முதல் நேர்ஸிட்டப் பேப்பர் வாங்கி எழுதினவர், அண்ணை. ரெண்டு வரிக்கு ஒருக்கா மூச்சு வாங்கினவர். சோதிட்டக் குடுத்துப்போடு, பிந்திப்போச்சு எண்டு சொல்லு எண்டவர்."

இதோ அந்தக் கடிதம். ஒரு பக்கம்தான். முகாமில் நான் இருந்த ஏழு மாதத்தையும், எங்களுக்கு நடந்ததையும் விடாமல் எழுதியிருக்கிறான். "சிவசோதி மற்றவருக்குத் தீங்கு நினைக்கத் தெரியாதவர். இதை என் மனச்சாட்சிப்படி சொல்கிறேன்" என்று முடித்து, கீழே தேதியும் கையெழுத்தும் வைத்திருக்கிறான்.

இதில் ஒரு பிரதி எடுத்து என் இமிக்ரேஷன் பைலில் சேர்த்துவிடுங்கள், ஐயா. சாட்சி இல்லை என்றுதானே தள்ளுபடி செய்தார்கள். நேற்று மகளுக்கும் சொல்லிவிட்டேன், இந்த முறை சரிவரும் என்று. நான் பல தரம் வாசித்துப் பார்த்துவிட்டேன். அவன் எழுதியதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை.