முதலை சொன்ன பொய்

டக் டக்னு ஒரு சத்தம், அதானே? எனக்கும் கேட்டுச்சு மேடம். பயப்படாதீங்க. இருட்டினப்புறம் இந்த ஸ்டுடியோவுல இப்படித்தான் ஏதாவது கேக்கும். பகல் பூரா லைட்டு சூட்டுல மேடைப் பலகையெல்லாம் உப்பிப் போயிருக்கும், அணைச்சதும் ஒண்ணொண்ணா சுருங்கும். மரம் சோம்பல் முறிக்குதுன்னு வெச்சுக்குங்களேன்.

பொம்மை ரூம்ல இருந்து வந்த மாதிரி இருந்துச்சா? இருக்கும். அங்கயும் மரம்தானே. நீங்க இப்படி வந்து உக்காருங்க. எல்லாரும் கிளம்பியாச்சு, கேமராவுக்குக்கூட போர்வை போத்தியாச்சு. நீங்க மட்டும் நின்னுட்டீங்க. எழுதறவங்க இப்படித்தான் போல, கூட்டம் கலைஞ்சப்புறம்தான் பாக்கவே ஆரம்பிப்பீங்க.

பாத்து, பாத்து, கால் இடிச்சுக்காதீங்க. அது என் வண்டி. வண்டின்னா பெரிசா நெனச்சுக்காதீங்க, நாலு சக்கரம் வெச்ச பலகை. அதுல உக்காந்துதான் நாள் பூரா உருளுறேன். மேடைக்கு மேல முதலைப் பொம்மை, கீழ நான். என் வலது கை மட்டும் மேல இருக்கும். மத்தபடி நான் கணக்குலயே இல்ல.

அட, முதலைகிட்டயே பேசறது இங்க எல்லாருக்கும் பழக்கம் மேடம். டைரக்டர் காலையில வந்ததும் என்ன முதலையாரே, சாப்டாச்சான்னு அதுகிட்டதான் கேப்பாரு. ஆச்சு சார்னு அது சொல்லும். நான் சாப்ட்டேனா இல்லையான்னு அவருக்குத் தெரியாது. திட்டறதையும் அதைத்தான் திட்டுவாரு. அது தலையைத் தொங்கப் போட்டுக்கும், மனுஷன் உருகிப் போயிருவாரு. சரி விடு, அடுத்த டேக்ல பாத்துக்கலாம்பாரு. கீழ எனக்குத் தோள் செத்துப் போயிருக்கும்.

நீங்க மட்டும் என்னவாம்? காலையில வந்து முதலைக்குத்தானே கை குடுத்தீங்க! அப்புறம் குனிஞ்சு பாத்துட்டு, ஐயோ, இவ்வளவு கட்டைக் குரல் ஒரு பொண்ணோடதான்னு கேட்டீங்க. தப்பா எடுத்துக்கல. சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆம்பளைன்னு நெனச்சீங்கன்னா என் வேலை சரியா நடக்குதுன்னு அர்த்தம்.

என்ன அது, பையில? டப்பாவா? முதலைக்கு சாக்லேட்டா! யாரு குடுத்தது, ரசிகரா? பாருங்க, இதுதான் நான் சொன்னது. எனக்கு ஒரு டீ வாங்கிக் குடுக்க ஆளில்ல, முதலைக்கு சாக்லேட் வருது. அந்த மேடை ஓரமா வெச்சிருங்க. காலையில எல்லாரும் பிரிச்சுத் தின்னுருவாங்க.

சரி, நான் சுத்தி வளைச்சுப் பேசல. அந்தப் பேப்பரை நான் பாத்துட்டேன் மேடம். டைரக்டர் மேசையில இருந்துச்சு. நாப்பதாவது எபிசோட், முதலைக்கு தைரியம் வந்துருது, ஆத்துல குதிச்சு நீந்திக்கிட்டே போயிருது, எல்லாரும் டாட்டா காட்டறாங்க. அழகா எழுதியிருக்கீங்க. படிச்சுட்டு எனக்கே கண்ணு கலங்கிருச்சு. அப்புறம்தான் உறைச்சுச்சு, டாட்டா எனக்குக் காட்டறாங்கன்னு.

இல்ல, புரியுது. நீங்க புதுசா வந்திருக்கீங்க, சேனல் சொன்னதை எழுதறீங்க. பயந்தாங்கொள்ளி முதலை குழந்தைங்களுக்குத் தப்பா பாடம் சொல்லுதுன்னு ஏதோ கூட்டத்துல முடிவு பண்ணிட்டாங்களாம். இருட்டுன்னா பயம், தண்ணின்னா பயம், பலூன்னா பயம்... இது என்ன முதலைன்னு கேட்டாங்களாம். இதுக்குப் பதிலா வீரமான ஒரு சிங்கக்குட்டி வருதாம். சிங்கக்குட்டிக்கு வேற ஆளு ரெடி.

ஒண்ணு மட்டும் கேக்கறேன், கோச்சுக்காதீங்க. தைரியம் வந்துட்டா ஏன் மேடம் இடத்தைக் காலி பண்ணணும்? தைரியமா இங்கயே இருக்கக் கூடாதா? பயந்தவங்கதான் ஓடுவாங்க. எனக்குத் தெரியும்.

ஆங், மறுபடியும் கேட்டுச்சா? டக் டக் டக். மூணு தடவை. எலியா இருக்கும். இல்ல, ஏசி. ஏசி அணைஞ்சு போச்சுங்கிறீங்களா... சரியாத்தான் கவனிக்கறீங்க. ஒரு நிமிஷம் இருங்க, எட்டிப் பாத்துட்டு வந்துடறேன். நீங்க வர வேணாம், உள்ள ஒரே சாமான்.

ஒண்ணுமில்ல. தண்ணி பாட்டில்தான்... உருண்டு விழுந்துருந்துச்சு.

எங்க விட்டேன்? ஆமா, என் கதை. நான் படிச்சது கான்வென்ட்ல மேடம். வருஷா வருஷம் நாடகம் போடுவாங்க. எனக்கு எப்பவும் திரைக்குப் பின்னாடிதான் வேலை. இடி நான்தான், ஓநாய் நான்தான், வானத்துல இருந்து பேசற குரலும் நான்தான். உனக்கு முகம் வேணாம்டி, குரல் போதும்னு சிஸ்டர் சொல்லுவாங்க. அப்ப அழுதேன். இப்ப அதுவே சோறு போடுது. டைட்டில்லயும் என் பேர் வராது, கவனிச்சீங்களா? ராணி முயலுக்குப் பேர் வருது, ஆமைக்கு வருது, முதலைக்கு மட்டும் வராது. நான்தான் போட வேணாம்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன். அடக்கமான பொண்ணுன்னு டைரக்டர் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காரு.

அடக்கமாவது ஒண்ணாவது! எங்க வீட்டுக்காரர் கண்ணுல பட்டுரக் கூடாதுன்னுதான்.

ஐய, அப்படிப் பாக்காதீங்க. குடிகாரர் எல்லாம் இல்ல. ரொம்ப மரியாதையான ஆளு. கைக்குட்டையை நாலா மடிச்சுத்தான் பைக்குள்ள வைப்பாரு. சத்தமாப் பேசி யாரும் கேட்டதில்ல. அக்கம்பக்கத்துல எல்லாருக்கும் அவர்தான் உதாரணம். எங்கம்மாவுக்கே அவர்னா உசுரு, நான்தான் வாழத் தெரியாதவ. வேலைக்குப் போகும்போது வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டுட்டுப் போவாரு, அவ்வளவுதான். பாதுகாப்புக்கும்பாரு. முதல்ல வாசக்கதவு மட்டும். குழந்தை பொறந்தப்புறம் ரூம் கதவுக்கும் ஒண்ணு. அப்புறம் நான் ஏதாவது கேட்டா, பதிலுக்கு ஒரு தாழ்ப்பாள் கூடும். மத்த வீட்டுல கோவம் வந்தா தட்டு பறக்கும். எங்க வீட்டுல ஸ்க்ரூ முடுக்கற சத்தம் கேக்கும்.

ஆறு வருஷம். அதுல என் குரலை அவர் எத்தனை நாள் கேட்டிருப்பாருன்னு நெனைக்கறீங்க? சரிங்க, இல்லீங்க, ஆச்சுங்க. அவ்வளவுதான். ஓநாய் எல்லாம் தெரியவே தெரியாது.

எப்படி வெளிய வந்தேன்னு கேக்காதீங்க, அது பெரிய கதை. அதை இன்னொரு நாளைக்கு முதலையை விட்டே சொல்லச் சொல்றேன், அது நல்லாச் சொல்லும். வேற ஒண்ணு சொல்றேன், கேளுங்க. மூணு மாசம் முன்னாடி ஷூட்டிங் நடந்துக்கிட்டிருக்கு. சுத்திப் பாக்க வந்த கூட்டத்தோட கூட்டமா அவரும் உள்ள வந்துட்டாரு. மானிட்டர்ல பாத்தேன் மேடம். எனக்கு எதிர்ல ஒரு சின்ன டிவி இருக்குமே, அதுல முதலை என்ன பண்ணுதுன்னு பாத்துத்தான் கையை ஆட்டுவேன். அதுல முதலைக்குப் பக்கத்துல திடீர்னு அவர் மூஞ்சி. சிரிச்ச மூஞ்சி. ரெண்டு அடி தூரம். நடுவுல ஒரு பலகை.

என்ன பண்ணாருன்னு நெனைக்கறீங்க? எல்லாரும் பண்றதைத்தான் பண்ணாரு. முதலைகிட்டயே கேட்டாரு. சும்மா விளையாட்டுக்குக் கேக்கற மாதிரி, ஏன் முதலையாரே, இங்க குழந்தையோட ஒரு பொண்ணு வேலைக்கு வந்திருக்காளாமேன்னாரு. இங்க இருக்கறவங்களுக்குப் பழக்கதோஷம், முதலை என்ன சொல்லப் போகுதுன்னு எல்லாரும் அதையே பாக்கறாங்க.

கீழ நான் இடது கையால வண்டியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். மேல பாத்தா, முதலை அசையல. என் கைதான் அது, ஆனா நடுங்கல. வாயைப் பொளந்து அவரை நல்லா உத்துப் பாத்துச்சு. அப்புறம் கட்டைக் குரல்ல, அப்படி யாரும் இல்லீங்களே, இங்க நான்தான் ரொம்ப அழகுன்னுச்சு. எல்லாரும் கொல்லுனு சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு. முதலைக்குக் கை குடுத்தாரு. என் விரலைப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போனாரு மேடம், நடுவுல ஒரு பச்சைத் துணிதான்.

இருபது எபிசோடா பயந்துக்கிட்டே இருந்த முதலை அன்னைக்கு ஒரு நாள் பயப்படல. அதை மட்டும் யாரும் ஷூட் பண்ணல.

அதுக்கப்புறம்தான் வாடகை ரூமைக் காலி பண்ணிட்டு இங்க வந்துட்டேன். ஆமா, இங்கதான். பொம்மை ரூம்ல. டைரக்டருக்குத் தெரியாது. முதலைக்கு தினம் ஒரு பல்லு உதிரும், ராத்திரி ஒட்டி வெக்கணும்னு சொல்லி சாவி வாங்கி வெச்சிருக்கேன். முதலை போச்சுன்னா சாவியும் போச்சு. உங்க நாப்பதாவது எபிசோட் எனக்கு ஏன் உறைச்சுச்சுன்னு இப்பத் தெரியுதா?

கார்பெண்டர் அண்ணனுக்கு மட்டும் தெரியும். அது சாமான் ரூம்தானே, வெளிப்பக்கம்தான் தாழ்ப்பாள் இருந்துச்சு. அதைக் கழட்டி உள்பக்கம் ஒண்ணு போட்டுத் தாங்கண்ணான்னேன். பொம்மை தூங்கற ரூமுக்கு உள்ள எதுக்கும்மா தாழ்ப்பாள்னாரு. முதலை பயப்படுதுண்ணான்னேன். கீழ ஒண்ணு கேட்டேன், மேலயும் ஒண்ணு சேத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு.

அந்த சத்தம்... சரி, சொல்லிடறேன். பாப்பாதான். அஞ்சு வயசு. ஆள் இருக்கும்போது குரலே வரக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். ஏதாவது வேணும்னா பழைய முதலை ஒண்ணு இருக்கு, அதோட மர வாயை டக் டக்னு மூடித் திறக்கணும். ரெண்டு தடவைன்னா தண்ணி. மூணுன்னா ஒன் பாத்ரூம். நெறைய தடவைன்னா சும்மா, அம்மா ஞாபகம் வந்துருச்சுன்னு.

அழாதீங்க மேடம். நீங்க அழுதீங்கன்னா நான் முதலைக் குரல்ல பேச ஆரம்பிச்சுருவேன்.

வீட்டுக்காரரா? அன்னைக்கப்புறம் வரல. போகும்போது முதலைக்குன்னு சாக்லேட் டப்பா ஒண்ணு வெச்சுட்டுப் போனாரு. அவர் கட்டினதுன்னு பாத்தாலே தெரியும். நூலைக் குறுக்க நெடுக்கப் போட்டு, முடிச்சு நட்ட நடுவுல, ரெண்டு நுனியும் அளந்து வெட்டின மாதிரி ஒரே நீளம்...

மேடம்.

அந்த டப்பாவைக் கொஞ்சம் இப்படித் தாங்க.

இதை யாரு குடுத்தான்னு சொன்னீங்க? வாசல் கேட்டுக்கிட்டயா... எப்ப? டீ குடிக்கப் போனப்பவா. நல்லாப் பேசினாரா? பேசுவாரு. நீங்க என்ன சொன்னீங்க? சும்மா சொல்லுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

முதலைக்குக் குரல் குடுக்கறது ஒரு பொண்ணுங்க, நம்பவே முடியலன்னு சொன்னீங்க.

ம்.

எத்தனை மணிக்கு எல்லாரும் கிளம்புவாங்கன்னும் கேட்டாரா? நீங்க ஏழுன்னு சொல்லியிருப்பீங்க. கரெக்ட்டாத்தான் சொல்லியிருக்கீங்க. இப்ப ஏழரை.

விடுங்க, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க என்னைப் பத்திப் பெருமையா ரெண்டு வார்த்தை சொன்னீங்க. இத்தனை வருஷத்துல என்னைப் பத்திப் பெருமையா யாரும் சொன்னதில்ல, சொன்ன ஒரே ஆளு நீங்க, நீங்களும் சரியா அவர்கிட்ட போய்ச் சொல்லியிருக்கீங்க. யோசிச்சா சிரிப்பு வருது.

இல்ல, இது மரம் சுருங்கற சத்தம் இல்ல மேடம். எலியும் இல்ல, பாப்பாவும் இல்ல. இது வாசல் கேட்டு திறக்கற சத்தம். வாட்ச்மேன் தாத்தா மரியாதையானவங்களை நிறுத்தவே மாட்டாரு.

எந்திரிங்க. செருப்பைக் கையில எடுத்துக்குங்க. உங்க மடியில இருக்கற பேப்பரையும் எடுத்துக்குங்க, நாப்பதாவது எபிசோடை. உள்ள வாங்க, தலை குனிஞ்சு, மேல ஆமை தொங்குது. பாப்பா, இது எழுதற அத்தை. இன்னைக்குப் பேசலாம்டா, மெதுவா.

ஃபோனை எடுங்க. முதல்ல போலீசு, அப்புறம் டைரக்டர். நீங்களே பேசுங்க. நான் பேசினா முதலை விளையாடுதுன்னு நெனச்சு டைரக்டர் சிரிப்பாரு.

கதவைச் சாத்துங்க. நல்லா அழுத்தி. கீழ்த் தாழ்ப்பாளை பாப்பா போட்டுருவா, தினமும் அவ வேலைதான் அது. மேல உள்ளதை மட்டும் நீங்க போட்டுருங்க. நாள் பூரா முதலையைத் தூக்கினதுல எனக்கு இந்தக் கை மேல வராது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் தள்ளுங்க.

ஆங். விழுந்துருச்சு.