கடைசியாக எடுப்பவருக்கும் அதே பங்கு

மேடையில் வீற்றிருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, அத்தான் வேலை பார்த்த பள்ளியிலிருந்து வந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் என் அக்கா அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் அங்காடிச் சொந்தங்களே, உங்கள் அனைவருக்கும் குடைக்கடை மாமாவின் கனத்த வணக்கம்!

இதையெல்லாம் நான் அன்றைக்கே சொன்னேன். அத்தானுக்கு ஒன்று என்றால் இந்த மண்டபம் கொள்ளாது என்றேன். பேச எழுந்த தலைவர் பேச முடியாமல் உட்காருவார் என்றேன். அவர் கண் மூடியதுமே மூலைக்கடைக் குலுக்கலுக்கு அடிதடி வரும் என்றும் சொன்னேன். நடந்ததா, இல்லையா?

காலியான மூலைக்கடை யாருக்கு என்று அடுத்த வாரம் சீட்டுக் குலுக்கல். அதற்குள் பழச்சாறுக் கடைக்காரரும் கடிகாரம் பழுது பார்ப்பவரும், யார் முதலில் சீட்டு எடுப்பது என்று சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். வாத்தியாரே போய்விட்டார், இனி சீட்டுப் போடும் டப்பாவை யார் நம்புவது என்ற பேச்சும் கிளம்பிவிட்டது. கவலை வேண்டாம். மருத்துவமனையில் அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், டப்பா இனிமே உன் பொறுப்பு" என்றார். இந்தக் காதால் கேட்டேன்.

யார் அந்த மனிதர்? கணக்காசிரியர்! ஓய்வு பெற்றபின் நம் சங்கத்தின் செயலாளர்! நம் எல்லோருக்கும் 'கிளை வாத்தியார்'! எதைக் கேட்டாலும் ஒரு புள்ளி வைத்துக் கிளை இழுப்பாரே, அதனால் வந்த பெயர். இந்த மாதம் எத்தனை குடை வாங்கிப் போடலாம் என்று ஒருமுறை கேட்டேன். மழை வரும் என்று ஒரு கிளை, வராது என்று ஒரு கிளை போட்டார். வரும் என்ற கிளையின் நுனியில் மறுபடி இரண்டு: குடை வாங்குவார்கள், உன் பேச்சுக்குப் பயந்து நனைந்துகொண்டே போவார்கள். அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

நான் எட்டாம் வகுப்பைத் தொட்டுவிட்டு வந்தவன். தொட்டவுடனே எல்லாம் புரிந்துவிட்டதால் மேலே போகவில்லை. அப்பேர்ப்பட்ட எனக்கே கணக்கு சொல்லிக்கொடுத்த பெருமை அத்தானைச் சேரும். எப்போது? வாசல் பக்கக் கடை காலியான அன்று.

ஒரு கடை. கேட்டவர் மூன்று பேர்: நான், சாவிக்காரர், தையல்காரம்மா. டப்பாவில் மூன்று சீட்டு, ஒன்றில் மட்டும் 'கடை' என்று எழுதியிருக்கும். விண்ணப்பித்த வரிசைப்படி நான் முதல், சாவிக்காரர் இரண்டாவது, தையல்காரம்மா கடைசி. சாவிக்காரர் தான்தான் முதலில் எடுப்பேன் என்று டப்பாவின் ஒரு காதைப் பிடித்தார். நான் மறு காதைப் பிடித்தேன். ஊரே திரண்டது, ஆயிரம் பேர் இருக்கும். தையல்காரம்மா அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் எடுத்தது போக மிச்சம் மீதிதானே எனக்கு? அதுக்கு நான் எதுக்கு நிக்கணும்?"

வீட்டுக்குள் ஒரே அறை. தையல் இயந்திரத்தை மடக்கினால்தான் பிள்ளைகள் படுக்க இடம். அவருக்கு அந்தக் கடை எவ்வளவு முக்கியம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். சீட்டே எடுக்காமல் கிளம்பிவிட்டார்.

அத்தான் ஓடிப்போய் மறித்தார். "அம்மா, அந்த சாக்கட்டியைக் கொஞ்சம் குடுங்க" என்று துணியில் கோடு போடும் சாக்கை வாங்கி, காலிக் கடையின் ஷட்டரில் ஒரு புள்ளி வைத்தார். புள்ளியிலிருந்து இரண்டு கிளை. முதல் ஆளுக்குக் கடை விழும்: மூன்றில் ஒன்று. விழாது: மூன்றில் இரண்டு. விழாத கிளையின் நுனியில் டப்பாவில் மிச்சம் இரண்டு சீட்டு. ஆகவே இரண்டாம் ஆளுக்கு விழுவது பாதி, விழாதது பாதி.

"இப்ப ரெண்டாவது ஆளுக்கு எவ்வளவு?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். நான்தான் முந்திக்கொண்டு கூட்டிச் சொன்னேன். மூன்றில் இரண்டும் பாதியும் சேர்ந்தால் ஆறில் ஏழு.

"ஆறு சீட்டு போட்டா ஏழு பேருக்குக் கடை விழுமா மச்சான்? கிளையோட நடந்து போனா பெருக்கணும்."

மூன்றில் இரண்டு பங்கில் பாதி எவ்வளவு? மூன்றில் ஒன்று! இரண்டு பேருக்கும் விழாத அந்தக் கிளையும் மூன்றில் ஒன்று. அதன் நுனியில் மிஞ்சும் ஒற்றைச் சீட்டு கடைச் சீட்டுதான். அதுதான் தையல்காரம்மாவின் கிளை. முதல் ஆள், நடு ஆள், கடைசி ஆள், எல்லோருக்கும் ஒரே பங்கு! மூன்றையும் கூட்டினால் முழுசாக ஒன்று!

சாவிக்காரர் விடுவாரா? முதல் ஆளே கடையைத் தூக்கிக்கொண்டு போனால் எனக்கு என்ன இருக்கிறது என்றார். அவருக்கு விழாமல் போகவும் இடம் இருக்கிறதே, அப்போது உங்கள் கை வலுக்கிறதே, ஏறுவதும் இறங்குவதும் சரியாகப் போய்விடும் என்றார் அத்தான். அத்தோடு ஒரு வழக்கமும் வைத்தார். எடுத்த சீட்டை யாரும் உடனே பிரிக்கக்கூடாது. எல்லோரும் எடுத்து மூடிய கையில் வைத்திருந்து, ஒன்றாகப் பிரிக்க வேண்டும். மூடிய கைகளில் எது முதல் கை, எது கடைசிக் கை? சொல்ல முடியுமா உங்களால்?

ஷட்டரையே பார்த்துக்கொண்டு நின்ற தையல்காரம்மா திரும்பி வந்து எடுத்தார். மூவரும் பிரித்தோம். கடை சாவிக்காரருக்கு. தையல்காரம்மா வெற்றுச் சீட்டை மடித்து அத்தான் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"வருத்தம் இருக்கு சார். சந்தேகம் இல்ல."

இதைவிட வேறு மாலை வேண்டுமா ஒரு செயலாளருக்கு? பிறகு இரண்டாவது குலுக்கலிலும் அந்த அம்மா கடைசியாகத்தான் எடுத்தார். படிக்கட்டு ஓரக் கடை விழுந்தது. இன்றைக்கு நமக்கும் அதேதான். அத்தானை இழந்த வருத்தம் இருக்கிறது. அவர் நமக்குச் செய்ததில் சந்தேகம் ஏதும் உண்டா?

ஆகவே உறுதி எடுப்போம். அடுத்த வாரம் மூலைக்கடை ஷட்டரில் அவருடைய கிளைகளை நானே என் கையால் போடுவேன். கூட்ட மாட்டேன், பெருக்குவேன். சீட்டைச் சேர்ந்து பிரிக்கும் வழக்கம் மாறாது. டப்பாவைப் பிடிக்கப்போவது...

அக்கா, நீ முறைப்பது தெரிகிறது. சொல்லிவிடுகிறேன்.

சொந்தங்களே, ஆயிரம் பேர் என்றதை நீங்களே குறைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் டப்பாவை அத்தான் என்னிடம் ஒப்படைத்தார் என்றேனே, அது என் கைச்சரக்கு. கட்டிலில் அவர் பேசியது அக்காவிடம். நான் வாசலில் நின்று கேட்டேன்.

"மச்சான் தங்கமானவன். டப்பாவை மட்டும் அவன்கிட்ட குடுத்துடாத. தையல்காரம்மாகிட்ட குடு."

அம்மா, அந்தத் தூண் பக்கம் நிற்கிறீர்களே, மேலே வாருங்கள். டப்பா இதோ. எனக்கு அந்த சாக்கட்டி மட்டும் போதும்.