காலை எடுக்கக் கையெழுத்துப் போட்டது நான்தான்

என் பெயரும் விலாசமும் முதல் தாளில் எழுதியாகிவிட்டது. வயது நாற்பத்தேழு. பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் துணி வெட்டுகிறேன். என் கணவர் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். அவருக்குப் பதினாறு வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி கிடையாது. நானும் டாக்டரும் சேர்ந்து தேவையில்லாமல் அவருடைய இடது காலை எடுத்துவிட்டதாக அவருடைய அண்ணன் கொடுத்த புகாரின்பேரில் விசாரிக்கப்பட்டுச் சொல்வதாவது:

சென்ற மாதம் எட்டாம் தேதி காலை பத்து மணிக்குக் கடைக்குப் பலகாரம் கொண்டுபோனேன். அவர் செருப்பைக் கழற்றியபோது வாடை வந்தது. பார்த்ததில், வெட்டிய முடி ஒன்று ஊசிபோல விரலிடுக்கில் ஏறியிருந்தது. சுற்றிலும் கறுத்துக் கணுக்கால்வரை வீங்கியிருந்தது. அழுத்தியபோது தோலுக்கடியில் நறநறவென்றது. அவர், "வலியே இல்லடி, இன்னும் ரெண்டு தலைதான், முடிச்சிட்டு வர்றேன்" என்றார். நான் கடையைப் பூட்டினேன். பாதிச் சவரத்தில் இருந்த ஒருவர் முகத்தில் நுரையோடு அவரை வண்டிவரை தூக்கி வந்தார்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, சதைக்குள் கறுப்புக் கறுப்பாகக் காற்று இருப்பதை டாக்டரம்மா காட்டினார். கிருமி கேஸ் உண்டாக்கிக்கொண்டு மேலே ஏறுகிறது, முழங்காலுக்குக் கீழே எடுத்தால் உயிர் தங்கும், தள்ளிப்போட முடியாது என்றார். காய்ச்சலில் இருந்த என் கணவர், "வயித்துல இருக்க வேண்டிய கேஸு கால்ல என்ன பண்ணுது டாக்டர்?" என்று கேட்டார். அதன் பிறகு பேச்சு குழறி நினைவு தப்பியது.

அவருடைய அண்ணனுக்குப் போன் செய்தேன். "நாலு மணி நேரத்துல வந்துடறேன், அதுவரைக்கும் கையெழுத்துப் போடாதம்மா" என்று அழுதார். தம்பியைத் தோளில் சுமந்து வளர்த்தவர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பேசி முடிப்பதற்குள் கறுப்பு கணுக்காலைத் தாண்டியிருந்ததைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் அவர் கண் விழித்துப் போர்வையைத் தடவிப் பார்த்தார். "யார் கையெழுத்துப் போட்டது?" என்றார். நான்தான் என்றேன். "கை நடுங்கலையா?" என்றார். இல்லை என்றேன். "இப்ப நடுங்குதே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் ஊசி போட வந்தபோதும் மற்றக் கையைத்தான் நீட்டினார்.

நான் சொன்னது இவ்வளவே. எழுதியதைப் படிக்கக் கேட்டேன். கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை.

(ஒப்பம்)