ஐந்தாம் எண் பூட்டு

டிசம்பர். இரவு பத்து மணி. சலவை அறையிலிருந்து எங்கள் மாணவர் விடுதிக்கு ஏறிவரும் பாறைப் படிகள்... மொத்தம் எழுபத்திரண்டு. நடுவில் ஒரே ஒரு விளக்கு. கீழே கடல்.

மூன்று வருடமாக இந்தக் கதையை, "என் தோழியோட அக்காவுக்கு நடந்தது" என்றுதான் ஆரம்பிப்பேன். சமையலறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்து, புதிதாக வந்த மாணவர்கள் ஒட்டி உட்கார்ந்து கேட்பார்கள். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நைஜீரியாக்காரன் எமேக்கா வழக்கம்போல் நடுவில் புகுந்தான்.

"பேய் துணி துவைக்கப் போச்சா? சோப்பு அதோடதா, நம்மகிட்ட திருடினதா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"அக்காவுக்கு இல்ல எமேக்கா. எனக்கு நடந்தது," என்றேன்.

சிரிப்பு நின்றது.

என் தோழி லாராஸும் நானும் இந்தோனேசியாவில், செமராங்கில் ஒரே தெரு. ஸ்வீடனுக்குப் போகலாம் என்று சொன்னதே நான்தான். அவளுடைய விண்ணப்பத்தை நிரப்பியதும் நான்தான். கோத்தன்பர்க்கில் கடலியல் படிப்பு. விடுதியில் அவளுக்கு ஐந்தாம் அறை, எனக்கு எட்டு. வந்த மூன்றே மாதத்தில், அவள் சொன்னதைக் கேட்டுப் பேராசிரியை ரசித்துச் சிரித்தார். நான் சொன்னதைப் புரியவில்லை என்று திரும்பச் சொல்லச் சொன்னார்.

ஆய்வுக் கப்பலில் ஆறு வாரம். மாணவருக்கு ஒரே ஓர் இடம். அவளுக்குக் கிடைத்தது.

"விடு வூலான், படகைப் பாத்தாலே நீ வாந்தி எடுப்ப. உனக்கும் சேத்து நான் போறேன்னு வச்சுக்கோடி."

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

சலவை அறைச் சுவரில் ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு நாளின் ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு துளை. ஒவ்வோர் அறைக்கும் எண் போட்ட குட்டிப் பூட்டு ஒன்று. அதை வேண்டிய துளையில் வைத்து, அவரவர் சாவியால் பூட்டினால் அந்த நேரம் நம்முடையது. இந்த ஊரில் கட்டிய கணவனைக்கூட விட்டுக்கொடுப்பார்கள், சலவை நேரத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

"கீழ போறியா?" சாவியை என் கையில் திணித்தாள் லாராஸ். "என் பூட்டையும் வச்சுட்டு வாடி. செவ்வாய் நாலு மணி. கம்பளித் துணியெல்லாம் துவைக்கணும், புதன் காலைல கப்பல்."

நான்கு மணித் துளை காலியாக இருந்தது. அதில் என் பூட்டை வைத்தேன். அவளுடையதை அதே நாளின் கடைசித் துளையில் வைத்தேன். இரவு ஏழிலிருந்து பத்து.

"அதுதான் மிச்சம் இருந்துச்சு," என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். நம்பிவிட்டாள்.

செவ்வாய் மாலை முழுக்க மழை. எட்டு மணிக்குமேல் அது படிகளில் உறையத் தொடங்கியது. நான் என் அறையில், சூடாக மடித்துவைத்த துணிகளுக்குப் பக்கத்தில் படுத்திருந்தேன். பத்து மணிக்கு வெளியே ஏதோ சத்தம்... ஈரத் துணி மூட்டையைத் தரையில் போட்டதுபோல. எழுந்து பார்க்கவில்லை.

காலையில்தான் பார்த்தார்கள். நாற்பதாவது படி. அவளைச் சுற்றித் துணிகள் பலகைபோல் விறைத்துக் கிடந்தன. ஒரு கம்பளிச் சட்டை மட்டும் பாறையில் சாய்ந்து, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றது. அவள் அம்மா அனுப்பும் மல்லிகைச் சோப்பின் வாசனை. மூடிய கைக்குள் ஐந்தாம் எண் சாவி. அதுவும் அவள் உடலோடு ஊருக்குப் போயிற்று.

இரண்டு நாள் தள்ளிக் கிளம்பிய கப்பலில் அவள் இடத்தில் நான் போனேன். வாந்தி எடுக்கவில்லை.

திரும்பி வந்து, சனிக்கிழமை காலைத் துளையில் என் பூட்டை வைத்தேன். புதன்கிழமை தற்செயலாகப் பார்த்தால், அந்தத் துளையில் ஐந்தாம் எண். என்னுடைய எட்டாம் எண் செவ்வாய் இரவு ஏழு மணித் துளைக்கு நகர்ந்திருந்தது.

விடுதியைப் பராமரிக்கும் கிழவர் யோரான் குனிந்து பார்த்தார். "சாவி இல்லாம இது நகராதும்மா. அஞ்சோட சாவி யார்கிட்ட இருக்கு?"

சொன்னேன். அவர் துளைக்கருவியால் பூட்டைப் பெயர்த்து என் கையில் கொடுத்தார். நேரே போய்க் கடலில் எறிந்தேன். 'ப்ளக்'... அவ்வளவுதான்.

அடுத்த புதன், அதே துளையில் அதே பூட்டு. விளிம்பெல்லாம் உப்பு. மல்லிகை வாசனை.

லாராஸின் அம்மா மாதம் ஒருமுறை போன் செய்வாள். ஒரே கேள்விதான் கேட்பாள்.

"இருட்டுன்னாலே பயப்படுவாளே என் பொண்ணு... அந்நேரத்துல ஏம்மா தனியா போனா?"

"அந்த நேரம்தான் மிச்சம் இருந்துச்சும்மா."

ஒவ்வொரு மாதமும் இதையேதான் சொன்னேன்.

ஒருமுறை அவளாகவே சொன்னாள்: "அந்தச் சாவிய அவ படத்துக்குப் பக்கத்துல ஆணியில மாட்டியிருக்கேன். புதன்கிழமை மட்டும், விடியக்காலைல நாலு மணிக்கு நான் தொழுகைக்கு எந்திரிக்கும்போது அது இருக்கறதில்ல. விடிஞ்சப்புறம் பாத்தா இருக்கு. தொட முடியல வூலான், அவ்வளவு ஜில்லுன்னு..."

அங்கே புதன் அதிகாலை நான்கு என்றால், இங்கே செவ்வாய் இரவு பத்து.

சமையலறை மெழுகுவர்த்தி பாதிக்குமேல் உருகியிருந்தது. "அப்ப சொல்லிட்டியா? அவங்கம்மாகிட்ட?" என்றான் எமேக்கா, மெதுவாக.

போன புதன்கிழமை அவள் போன் செய்தபோது சொல்லிவிடத்தான் இருந்தேன். வாய் வரைக்கும் வந்தது. அவள் அதே கேள்வியைக் கேட்டாள். நானும் அதே பதிலைத்தான் சொன்னேன்.

அவள் பிறகு கேட்டாள்:

"இன்னைக்கு ஆணியில ரெண்டு சாவி தொங்குதும்மா. ஒண்ணுல எட்டுன்னு போட்டிருக்கு. அது யாரோடது?"